நிக்டியில் நாங்கள் பாடிய தமிழ்ப் பாட்டு

என் வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு ஆசை. ஸ்பானிஷில் பாடும் பழைய லத்தீன் ராக் பாட்டு ஒன்றை ஆயுளில் ஒரு தடவையாவது மேடையில் வாசித்துவிட வேண்டும். மூன்று வருஷமாக புனே பக்கத்து எங்கள் நிக்டி ஃப்ளாட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கிடாரோடு மல்லுக்கட்டுகிறார். அப்படி என்ன இருக்கிறது அதில்? கார்டு என்கிற சுரக்கூட்டு இரண்டே இரண்டு, போவதும் வருவதுமாக. ஆனால் தாளம் நாம் நினைக்கிற இடத்தில் விழாது, கொஞ்சம் தள்ளி விழும். இடுப்பு சும்மா இருக்காது. நடுவில் கிடார் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு அழும் பாருங்கள், கேட்கிற நமக்கு மூச்சு முட்டும்.

சொசைட்டி ஆண்டு விழாவில் செக்ரட்டரி கறாராகச் சொல்லிவிட்டார்: அவரவர் தாய்மொழியில்தான் பாட வேண்டும், வெளிநாட்டுப் பாட்டு கூடவே கூடாது. வீட்டுக்காரர் முகம் தொங்கிப்போச்சு. எனக்குச் சகிக்கவில்லை. "அட, இங்க யாருக்குங்க தமிழ் தெரியும்?" என்றேன். விண்ணப்பப் பாரத்தில் 'தமிழ்ப் பாட்டு' என்று எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

கோங்கா மேளத்துக்குப் பதில் கொழுந்தனின் டோல்கி. நான் அந்த ஸ்பானிஷ் பாட்டைப் பாடிக்கொண்டே தாளத்துக்குக் கேரட் துருவியில் ஸ்பூனை இழுத்தேன். இரண்டாவது சுற்றிலேயே மராத்தி மாமிகள் எழுந்து ஆட ஆரம்பித்துவிட்டார்கள். முன்வரிசையில் பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மா மட்டும் ஆடாமல் அசையாமல் என்னையே பார்த்தாள். போன வாரம் பி-விங்குக்குக் குடிவந்த திருச்சிக்காரி! செத்தேன் என்று நினைத்தேன்.

பாட்டு முடிந்ததும் செக்ரட்டரி மைக்கை நேரே அவளிடம் நீட்டி, "நீங்களும் தமிழ்தானே, அர்த்தம் சொல்லுங்கள்" என்றார். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அம்மா மகளுக்குப் புத்தி சொல்றா," என்றாள் ஓட்டை இந்தியில். "நேரத்துக்குச் சாப்பிடணும், பொய் சொல்லக் கூடாது."

ஒரே கைதட்டல்.

இறங்கி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, மானத்தைக் காப்பாத்துனீங்க!"

"பாட்டு அமர்க்களம்மா, என் காலை அடக்கத்தான் பாடுபட்டேன்," என்று சிரித்தாள். அப்புறம் குரல் இறங்கியது. "வந்ததுலேருந்து வெளியில ஒரு தமிழ் வார்த்தை காதுல விழல. தமிழ்ப் பாட்டுன்னு போர்டுல பாத்துட்டுத்தான் பட்டு கட்டிக்கிட்டு முன்னாடி வந்து உக்காந்தேன்."

எனக்குச் சுருக்கென்றது. "இப்பவே ஒண்ணு பாடுறோம்க்கா!" என்று திரும்பினேன். வீட்டுக்காரர் கொழுந்தனைப் பார்த்தார், கொழுந்தன் டோல்கியைப் பார்த்தான். ஸ்பானிஷை எழுத்துப் பிசகாமல் பாடிய எங்களில் ஒருத்தருக்கும் பல்லவிக்கு மேல் ஒரு தமிழ்ப் பாட்டு தெரியவில்லை.

"சரி விடும்மா," என்று அக்கா ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கம் போட்டாள். "பேசவாச்சும் பேசு."