வெள்ளத்தில் நின்ற வண்டி

முன்சீட்டுக்குக் கீழே விரித்திருந்த கார்பெட்டைப் புரட்டி, உள்ளே விட்ட கையை வெளியே எடுத்து, அத்தை விரல்களைத் தேய்த்துப் பார்த்த அந்தக் கணம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வெளியே அந்த வெள்ளைக் கார் புதுசு போல மின்னியது. கதவைத் திறந்தால் சென்ட் வாசனை. அத்தையின் விரல்களில் மட்டும் சாம்பல் நிற வண்டல். “நல்லாத்தான் கழுவியிருக்கான். ஆனா நாத்து நட்ட கைக்குத் தெரியாதா? இது தண்ணி வடிஞ்ச சேறு” என்றார்.

அத்தை என் அப்பாவின் அக்கா. கல்யாணத்துக்கு முன் பிறர் வயலில் நடவுக்குப் போனவர். டிரைவராக இருந்த மாமா, ஒரத்தநாட்டில் சாலையோரம் பழைய கார் வாங்கி விற்கும் கடை போட்டார். அவர் திடீரென்று இறந்தபோது, கடையை யாரிடம் ஒப்படைப்பது என்று உறவினர்கள் கூடிப் பேசினார்கள். பேச்சு முடிவதற்குள் அத்தை போய்க் கடையைத் திறந்துவிட்டார். பொம்பளை விற்கிற வண்டியை எவன் வாங்குவான் என்று கேட்டவர்கள் வீட்டு வாசல் வழியாகவே கார் ஓட்டிப் பழகினார்.

அந்த வெள்ளைக் காரைக் கொண்டுவந்தது என் அப்பாதான். அவர் கார் புரோக்கர். எங்கோ ஒரு நகரத்தில் வெள்ளத்தில் மூழ்கிய கார்களை அடிமாட்டு விலைக்கு வாங்கி, துடைத்து, டெல்டா ஊர்களில் தள்ளிவிடுவது அந்த வருஷம் எல்லாப் புரோக்கர்களுக்கும் பிழைப்பாக இருந்தது. அத்தை சுண்ணாம்பைக் குழைத்து, முன் கண்ணாடியில் பெரிய எழுத்தில் எழுதினார்: ‘வெள்ளத்தில் நின்ற வண்டி.’

அன்றைக்கே அதைப் பார்க்க ஒரு நர்ஸ் கணவரோடு வந்தார். அப்பா அவசரமாக, “அது வேற வண்டிக்கு எழுதுனதுங்க, மாறிப்போச்சு” என்றார்.

“மாறல மேடம், நான்தான் எழுதுனேன்” என்றார் அத்தை. “ஆறு மாசத்துல வயரெல்லாம் அரிச்சு நடுரோட்டுல நின்னுடும். பிள்ளைங்கள ஏத்திட்டுப் போவீங்க.”

அவர்கள் போய்விட்டார்கள். “தம்பி மூஞ்சில கரியப் பூசிட்டியேக்கா” என்று அப்பா கத்தினார். “வண்டி மேல நீ பூசுனது மட்டும் என்னவாம்?” என்றார் அத்தை. அப்பா வெள்ளைக் காரைத் திரும்ப ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அதோடு அவர்களுக்குள் பேச்சு நின்றது.

மறுவாரம் நாலு புரோக்கர்கள் வந்தார்கள். இப்படிக் குறையை எழுதுவதை நிறுத்தாவிட்டால் இனி ஒரு வண்டியும் இந்தக் கடைக்கு வராது என்றார்கள். “வர வேணாம். பஸ்ஸுல போற சனம் பஸ்ஸுலயே போவட்டும்” என்று சொல்லிவிட்டு அத்தை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

சொன்னபடியே வண்டி வரவில்லை. நாலு மாதம் கடையில் இரண்டே கார்கள். டயர்களைச் சுற்றிப் புல் முளைத்தது. நான் அப்போது குடவாசலில் ஆசிரியையாக இருந்தேன். ஞாயிறுதோறும் போய் உடன் இருப்பேன். அந்த இரண்டிலும்கூட எழுதியிருந்தார்: ‘இடது கதவு மாற்றியது’, ‘ஏசி ஓடாது.’ “ஏசியையாவது விடுங்களேன் அத்தை” என்றேன். “வெயில்ல போறவங்களுக்கு அதுதானேடி மொதல்ல தெரியணும்?” என்றார்.

ஏசி ஓடாத அந்தக் காரை வாங்கியது அதே நர்ஸ்தான். தன் தம்பிக்காக, அத்தையைத் தேடியே வந்திருந்தார். பிறகு அவர் சொல்லி இன்னும் இரண்டு பேர். பெரிய வியாபாரம் என்று எப்போதும் ஆகிவிடவில்லை. ஆனால் கடை மூடாமல் நிலைத்தது.

மூன்று வருஷம் கழித்து, மூட்டு வலியால் பைக் ஓட்ட முடியாமல்போன அப்பா தனக்கு ஒரு கார் தேடினார். ஊரில் அத்தனை கூட்டாளிகள் இருந்தும் அத்தையின் கடைக்குத்தான் நடந்து போனார். அத்தை வரவேற்கவுமில்லை, விரட்டவுமில்லை. “எல்லாக் கொறையையும் சொல்லுவேன். நின்னு கேக்கணும்” என்றார். ஒவ்வொன்றாக, கடையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அப்பா தலை குனிந்து கேட்டுவிட்டு, “சரிக்கா” என்றார்.

இன்று போனிலேயே படம் பார்த்துக் கார் வாங்குகிறார்கள். அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது. கடையை இன்னும் மூடவில்லை. போன மாதம் போயிருந்தபோது, அந்த நாலு மாதமும் பயமாகவே இல்லையா என்று கேட்டேன்.

“பயமில்லாம? ராத்திரியெல்லாம் தூங்கல” என்றார். “பயந்துகிட்டேதான் எழுதுனேன்.”