இடுப்பில் கட்டிய பற்றரி

கொட்டாஞ்சேனைப் பழனிவேல், யுத்தகாலக் கொழும்பில், வெள்ளவத்தை வீடுகளில் செடிவேலி வெட்டுகிறவர். வீட்டுக்காரி சரோஜினிதேவியின் மகன் லண்டனிலிருந்து அனுப்பிய, வேலி வெட்டும் பற்றரி மெஷின் பழனிவேலின் தோளைக் கொன்றது. பாரமெல்லாம் பிடியில் மாட்டியிருந்த பற்றரிதான்.

“எந்த மடையன் இதைச் செஞ்சான்?” என்று திட்டிக்கொண்டே, செத்துப்போன பழைய பற்றரி ஒன்றின் உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கி எறிந்தார். வெறும் கூட்டை மெஷினில் மாட்டி, அதிலிருந்து வயர் இழுத்து, நல்ல பற்றரியை இடுப்பில் கட்டிக்கொண்டார். மெஷின் பூப்போல எழும்பியது.

தெருப்பக்கம் வெட்டுவதற்குக் கேட்டைத் திறந்தார். சரோஜினிதேவி அலறினார்.

“ஐயோ, உள்ளுக்கு வாங்கோ! கழட்டுங்கோ அதை!”

“ஏம்மா? நல்லாத்தானே வேலை செய்யுது?”

“சந்தியில ஆமி நிக்குது. இடுப்பில வயரோட தமிழன் றோட்டில இறங்கினா குண்டெண்டுதான் நினைப்பாங்கள். கேட்டுட்டோ சுடுவாங்கள்?”

பழனிவேல் குனிந்து தன் இடுப்பைப் பார்த்தார். வாய்வரை வந்த கெட்ட வார்த்தையை யாரைப் பார்த்துச் சொல்வதென்று தெரியவில்லை. பற்றரியைப் பழையபடி பிடியிலேயே மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அவர் அடிக்கடி மெஷினை இறக்கிவைத்துத் தோளைத் தேய்ப்பதைப் பார்த்து, ரோந்து வந்த சிப்பாய் ஒருவன் சிங்களத்தில் பரிவோடு கேட்டான்: “சரியான பாரம் போல, அண்ணே. இடுப்பில கட்ட ஒரு வழியும் இல்லையா?”