பதினோரு பேருக்கு ஒரே நேரத்தில் சுகர்

போன சனிக்கிழமை எங்கள் சபையிலிருந்து பதினாலு பேர் கடலூரில் வேன் ஏறி சிதம்பரம் போனோம். எதற்கு? தலைமைத்துவக் கருத்தரங்குக்கு! 'பிறரை விசுவாசத்தில் நடத்துவது எப்படி?' என்று வாசலில் அத்தனை பெரிய ஃப்ளெக்ஸ். ஆளுக்கு ஒரு ஃபைல், ஒரு பேனா.

சென்னையிலிருந்து வந்த போதகர் ப்ரொஜெக்டர் போட்டு இரண்டு மணி நேரம் வெளுத்து வாங்கினார். முன்மாதிரி, தியாகம், துணிச்சல்... நானும் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தேன். ஆமென் சொல்வதில் எங்கள் கடலூர் வரிசையை அடிக்க ஆளில்லை.

பன்னிரண்டரைக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். வந்தது வினை.

சமையல், பரிமாறல் எல்லாம் பக்கத்துக் காலனி சபையார் பொறுப்பு. கறிக்குழம்பு வாசனை ஹாலுக்குள்ளேயே வந்துவிட்டது. எங்கள் ஆட்களில் ஒருவருக்குத் திடீரென்று வயிறு சரியில்லை. ஒருவருக்கு உபவாசம். மற்றவர்களுக்கெல்லாம் சுகர்.

இது புதுசு இல்லை. காலனிக்காரர்கள் சமைத்தால் எங்கள் ஆட்கள் கை நனைக்க மாட்டார்கள். முகத்துக்கு நேரே சொல்லவும் மாட்டார்கள். வருஷா வருஷம் ஒரு வியாதியைச் சொல்லி நழுவிவிடுவார்கள். அவர்களுக்கும் இது தெரியும். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பி வைப்பார்கள். எங்கள் குடும்பங்கள் ஞானஸ்நானம் வாங்கி நாலு தலைமுறை ஆகிவிட்டது. சாதி மட்டும் இன்னும் நனையவே இல்லை. சே!

சபைப் பொருளாளரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர்தான் வழக்கம்போல எங்களை ஹோட்டலுக்குக் கிளப்பினார். எங்களோடு ஸ்டெல்லா டீச்சரும் வந்திருந்தார். டீச்சருக்கு வீட்டுக்காரர் இல்லை, ஒரே மகள். அந்தப் பெண்ணை மாமாவின் மகனுக்குப் பேசி, நிச்சயதார்த்தத்துக்கு மண்டபம்கூடப் பார்த்தாகிவிட்டது.

"வாங்க சம்பந்தி, வேன் நிக்குது" என்றார் மாமா.

டீச்சர் கையைக் கழுவிவிட்டுப் பந்தியில் போய் உட்கார்ந்தார். "நீங்க போய்ட்டு வாங்க. நான் இங்கயே சாப்புடறேன்" என்றார். அவ்வளவுதான். பிரசங்கமும் இல்லை, முறைப்பும் இல்லை.

மாமா முகம் கறுத்துவிட்டது. "யோசிச்சு செய்யுங்க. புள்ளைங்க விஷயம் இருக்கு."

டீச்சர் தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்தார். "அவகிட்ட கேட்டுட்டுத்தாங்க வந்தேன்" என்றார்.

நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? காலையெல்லாம் துணிச்சலைப் பற்றிக் குறிப்பெடுத்தவன் ஆயிற்றே... "எனக்கும் சுகர்தான்" என்று முனகிக்கொண்டே வேனில் ஏறினேன்.

ஹோட்டலில் சுகர்காரர்கள் பதினோரு பேரும் நெய் ரோஸ்ட்டும் அல்வாவுமாக ஒரு வெட்டு வெட்டினோம். உள்ளே அடுப்படியில் நிற்பவர் என்ன ஆள் என்று யாராவது கேட்டோமா? பில் கட்டினால் தீட்டு கழிந்துவிடும் போலிருக்கிறது!

திரும்பி வந்தால், கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. டீச்சர் பரிமாறிக்கொண்டிருந்தார். வயிறு சரியில்லாதவர் கறிக்குழம்பு ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். உபவாசக்காரர் பாயசத்தில் இருந்தார். டீச்சர் அவர்களைக் கூப்பிடவே இல்லையாம். தனியாக உட்கார்ந்து சாப்பிட்ட அந்த அம்மாவைப் பார்த்து, தாங்களாகவே போய் உட்கார்ந்தார்களாம்.

சாயந்திரம் எல்லோருக்கும் தலைமைத்துவச் சான்றிதழ் கொடுத்தார்கள். எனக்கும்! டீச்சர் அந்நேரம் காலனிப் பெண்களோடு அண்டா கழுவிக்கொண்டிருந்ததால், அவருடையதையும் நானே வாங்கி வைத்தேன்.

புதன்கிழமை அதைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். முந்தின நாள்தான் மாமா வீட்டிலிருந்து போன் வந்ததாம். சம்பந்தம் வேண்டாமாம். மகள்தான் டீ கொண்டுவந்தாள். கண் சிவந்திருந்தது. வருத்தமாக இருக்கிறதா என்று அசட்டுத்தனமாகக் கேட்டு வைத்தேன்.

"இருக்கு அங்கிள். ஆனா அம்மா பந்திலேர்ந்து எழுந்து போயிருந்தா இன்னும் ஜாஸ்தியா இருந்திருக்கும்."

மாமா மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்த கோபம் பெரிது. சான்றிதழை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தேன்.

அடுத்த கூட்டமும் அதே ஹாலில்தான். சமையலும் அதே காலனி சபைதான். எங்கள் சபையார் வாராவாரம் பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியைப் படிப்பவர்கள் — மாமா உட்பட. அதனால் இங்கேயே, அச்சிலேயே சொல்லிவிடுகிறேன்...

எனக்குச் சுகர் கிடையாது.