பிளேன்டீ நிறத்தில் ஒரு நீச்சல் குளம்

நான் பொறுப்பெடுத்த முதல் நீச்சல் குளம் அரை மணி நேரத்தில் பாலில்லாத பிளேன்டீ ஆனது. சீனி மட்டும்தான் போடவில்லை.

இந்த சீசனுக்குப் பங்களாவில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்கள் இரண்டு பேருக்காகவும்தான் இதை எழுதுகிறேன். சீனியர் என்று சொல்லிக்கொள்ள எனக்கு மூன்று சீசன் அனுபவம்தான். ஆனால் இந்த மலையில் நீச்சல் குளத்தைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு என்பதால், அது தாராளமாகப் போதும்.

1. வேலை கிடைத்த விதம்

ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டத் துரைமார் இருந்த இந்தப் பங்களா சுற்றுலா விடுதி ஆனபோது, கொழும்பு முதலாளி பின்பக்கத்துப் பூந்தோட்டத்தைத் தோண்டி நீச்சல் குளம் கட்டினார். நாங்கள் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, வெந்நீர் இல்லாமல் முகம்கூடக் கழுவாத ஆட்கள். பாவம், அவர் இடம் பார்க்க வந்த அன்று வெயில் அடித்துவிட்டது.

மெனேஜர் விக்கி சேர் யாழ்ப்பாணத்துக்காரர். இன்டர்வியூவில் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"ஏ.எல்.இல கெமிஸ்ட்ரி செய்தனீரோ?"

"ஆமா சேர்."

"அப்ப பூல் உமக்குத்தான்."

"எனக்கு நீந்தத் தெரியாதே சேர்."

"உம்மை ஆர் நீந்தச் சொன்னது? தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கோணும். அவ்வளவும்தான்."

2. ஒரே ஊற்று, ஒரே வால்வு

ஏப்ரல் சீசனுக்கு முன்னால் குளத்தை இறைத்தோம். மழைக்காலம் முழுக்க மூடிக் கிடந்ததில் அடியில் டர்பன்டைன் மர இலை ஒரு முழம் சேர்ந்திருந்தது. தவளைகள் குடும்பத்தோடு குடியிருந்தன. பங்களாத் தோட்டம் பார்க்கிற முருகேசு அண்ணனும் நானும் தேய்த்துத் தேய்த்து, டைல்ஸ் நீலம் என்பதையே அன்றைக்குத்தான் கண்டுபிடித்தோம்.

நிரப்புவதுதான் சிக்கல். மலை மேலே ஒரே ஊற்று. அங்கிருந்து ஒரே பைப். பாதி வழியில் ஒரு வால்வு. இந்தப் பக்கம் திருப்பினால் பங்களாவுக்கு, அந்தப் பக்கம் திருப்பினால் எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு. ஆமாம், நான் அந்த லயத்துப் பெண்தான். குளம் நிரம்ப மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாளும் லயத்துக் குழாயில் காற்றுச் சத்தம் மட்டும்தான் வரும்.

நானே போய்க் கோயில் கமிட்டித் தலைவரிடம் கேட்டேன். வாளி, பெரல், சட்டி என்று எல்லா வீட்டிலும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு சமாளித்தார்கள்.

"இந்த ஒரு தடவதான்மா," என்றார் தலைவர். "அடுத்த புதன்கிழம திருவிழா தொடங்குது. கொழும்புல இருக்கிற புள்ளைங்க எல்லாம் வந்துருவாங்க. அப்ப வந்து கேட்டேன்னா, ஒன்னையத்தான் தேர்ல கட்டி இழுப்போம்."

3. வடிவாகப் போட்ட க்ளோரின்

சனிக்கிழமை காலை. புதுத் தண்ணீர் வானத்தின் நிறத்தில் கிடந்தது. முதல் தடவை க்ளோரினைக் கூடுதலாகப் போடுவதற்கு ஷாக் என்று பெயர். எனக்கு ஒரே அவசரம். விக்கி சேருக்கு என்னைவிட அவசரம்.

"வடிவாப் போடும் பிள்ளை, கஞ்சத்தனம் பண்ணாதையும்."

வாளி வாளியாகக் கரைத்துச் சுற்றிலும் ஊற்றினேன். பம்பைப் போட்டுவிட்டு டீ எடுத்துக்கொண்டு வந்தால், என் கையில் இருந்த கோப்பையிலும் குளத்திலும் ஒரே நிறம்.

முருகேசு அண்ணன் குனிந்து பார்த்தார். "நம்ம ஃபெக்டரி டீய விட நல்லா சாயம் எறங்கியிருக்கே தங்கச்சி."

விக்கி சேர் ஓடி வந்தார். "ஆரப்பா இதுக்குள்ள தேத்தண்ணி ஊத்தினது?"

நான் என் வெள்ளை டீ-ஷர்ட் கைப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். க்ளோரின் பட்ட இடத்தைத் தோட்டத்துக் குழாயில் அலசியிருந்தேன். அது செம்மண் நிறமாகியிருந்தது. அந்த நிறம் எனக்குத் தெரியும். எங்கள் லயத்தில் வெள்ளை யூனிஃபோர்ம் போட்டுப் பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் தெரியும். ஊற்றுத் தண்ணீரில் இரும்பு. வெறும் தண்ணீராக இருக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது. ப்ளீச்சிங் பட்டால் துருவாகிவிடும். அதனால்தான் எங்கள் வீடுகளில் யாரும் வெள்ளைத் துணிக்கு ப்ளீச்சிங் பவுடர் போடுவதில்லை. நீலம்தான் போடுவோம்.

ஒரு சட்டைக்குப் போடக் கூடாததை நான் ஒரு குளத்துக்கே போட்டிருந்தேன்.

"வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆக்கள் வருகினம்," என்றார் சேர். "திறந்து விடும். திரும்ப நிரப்புவம்."

"சேர், புதன்ல லயத்துல திருவிழா. வீடு வாசல் கழுவுற நேரத்துல இன்னும் மூணு நாளு ஒரு சொட்டு இல்லாம எப்படி?"

"எனக்கும் முதலாளி ஒராள் இருக்கிறார் பிள்ளை."

"செவ்வாக்கிழம காலையில வரைக்கும் டைம் குடுங்க சேர். தெளிய வச்சிர்றேன்."

அவர் குளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி குளத்தைப் பார்த்தார். "செவ்வாய் காலமை நான் வந்து பாப்பன். சரிவராட்டி வால்வைத் திருப்பிறது நீர்தான்."

செய்தி எனக்கு முன்னால் லயத்துக்குப் போய்விட்டது. அம்மா வாசலிலேயே நின்றார்.

"அடியே, ஒன் வெள்ளச் சட்டைக்கு என்னைக்காச்சும் நான் ப்ளீச்சிங் போட்டிருக்கேனா? வால்வ மட்டும் திருப்பிப் பாரு, பொங்கப் பானைய ஒன் தலையிலதான் கவுப்பேன்!"

4. பால் டீ

துரு தண்ணீரில் மிதக்கிற மிகச் சின்னத் தூள். ஃபில்டர் மணலுக்குள்ளேயும் புகுந்து வெளியே வந்துவிடும். படிகாரத்தைக் கரைத்து ஊற்றினால் தூளெல்லாம் ஒட்டிக் கட்டியாகி அடியில் படியும். இது கெமிஸ்ட்ரி. ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் டவுனுக்குப் போய் ஒரு மூட்டை வாங்கி, நல்லதண்ணி ஊருக்குப் போகிற யாத்திரை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட் அம்மா பிரசாதம் என்று நினைத்துக் கொஞ்சம் கேட்டார்.

கரைத்து ஊற்றி, பம்பை ஓடவிட்டுக் கலக்கி, பிறகு நிறுத்தினேன். இனிமேல் ஒன்றும் செய்யக் கூடாது. தண்ணீர் ஆடக் கூடாது. நம் தண்ணீர் ஐஸ் மாதிரி குளிர்ச்சி என்பதால் படிவதற்கு இன்னும் நேரம் எடுக்கும். இதுவும் கெமிஸ்ட்ரி. எனக்கு நன்றாகவே தெரியும்.

தெரிந்து என்ன செய்ய? ஒரு பஸ் வர ஐந்து நிமிஷம் பிந்தினால் நடக்கத் தொடங்குகிற ஆள் நான். திங்கட்கிழமை காலையில் மேல்தண்ணீர் தெளிந்திருந்தது. அடியில் மேகம் மாதிரி ஒன்று பாதி படிந்து, பாதி தொங்கிக்கொண்டு நின்றது. இதோ முடிந்துவிட்டது என்று அடி அழுக்கை உறிஞ்சுகிற வேக்கியூமை நீளக் கம்பில் மாட்டி உள்ளே விட்டேன். மேகம் எழும்பி வந்து குளம் முழுக்கப் பரவியது.

முருகேசு அண்ணன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். "முந்தாநாளு பிளேன்டீ. இன்னைக்கி பால் டீ. நாளைக்கி வடையும் போட்டுருவமா?"

5. சாவி

மிச்சமிருந்த படிகாரம் சரியாக ஒரு தடவைக்குத்தான் காணும். அதைப் போட்டுக் கலக்கி, பம்பை நிறுத்தி, பம்ப் ரூமைப் பூட்டினேன். வேக்கியூமும் உள்ளேதான். சாவியை அண்ணனிடம் கொடுத்தேன்.

"நாளைக்குக் காலையில வரைக்கும் நானே கேட்டாலும் குடுக்காதீங்க அண்ணே."

"ஒனக்குத்தானே? கண்டிப்பா குடுக்க மாட்டேன்," என்று கழுத்தில் தாயத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

மத்தியானம் வரை தாங்கினேன். பிறகு போனேன்.

"அண்ணே, பம்ப் ரூமுல லைட்ட அணைக்காம வந்துட்டேன்னு நினைக்கிறேன். சாவியக் கொஞ்சம் குடுங்க."

"லைட்டா? அந்த ரூமுல பல்பே இல்லியே தங்கச்சி."

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய்த் தோரணம் கட்டினேன். கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து இறங்கி வந்த அக்காமார், இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல், "பூல் மெடம், தண்ணிக்குள்ள பிஸ்கட் முக்கலாமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை விக்கி சேர் கம்பளித் தொப்பியோடு வந்தார். எட்டிப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "இன்னும் மண்ணிறமாத்தான் கிடக்கு. போய் வால்வைத் திருப்பும்."

"சேர், அது தண்ணி இல்ல சேர். தரை."

ஒரு கண்ணாடிக் கிளாஸில் மெதுவாக மொண்டு அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். கிளாஸுக்கு அந்தப் பக்கம் அவருடைய மூக்குத்தான் தெரிந்தது. பெரிதாக, தெளிவாக.

அவர் கிளாஸை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு, "அப்ப உறிஞ்சும். ஆனா மெல்லமா," என்றார்.

அண்ணன் தாயத்துக்கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்தார். தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்திவிடுவதுபோல வேக்கியூமை நகர்த்தினேன். அழுக்கு தேயிலைக்குள் ஓடுகிற வடிகால் கானில் போய் விழுந்தது. மத்தியானத்துக்குள் நீலம் கோடு கோடாக வெளியே வந்தது. வால்வை யாரும் தொடவில்லை.

6. விருந்தாளிகள்

வெள்ளிக்கிழமை ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். ஒரு மெடம் புது நீச்சலுடை, கறுப்புக் கண்ணாடி, தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு வந்து கால் பெருவிரலை மட்டும் தண்ணீரில் வைத்தார். "ஐயோ ஐஸ்!" என்ற சத்தம் ஃபெக்டரி வரை கேட்டிருக்கும். அவருக்குப் பிறகு ஒருத்தரும் கிட்டப் போகவில்லை. குளத்தைப் பின்னால் வைத்து, ஸ்வெட்டரோடு படம் பிடித்தார்கள். படங்களில் தண்ணீர் அற்புதமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மஞ்சள் தண்ணீர் விளையாட்டு. லயத்துக் குழாயில் தண்ணீர் நிறைந்து ஓடியது. அக்காமார் என்னைத் துரத்திப் பிடித்து வாளி வாளியாக ஊற்றினார்கள். முதல் வாளி அம்மாவுடையது. அந்த வாரம் பங்களாவில் இருந்தவர்களில் தலையோடு நனைந்தவள் நான் மட்டும்தான்.

உங்களுக்கு இரண்டே விஷயம் சொல்ல வேண்டும். க்ளோரின் போடுவதற்கு முதல் ஒரு வாளி ஊற்றுத் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள். டீ ஆனால் என்னிடம் வாருங்கள். படிகாரம் போட்ட பிறகு குளத்துப் பக்கமே வராதீர்கள். இரண்டாவதுதான் கஷ்டம். சாவி இப்போதும் முருகேசு அண்ணன் கழுத்தில்தான் இருக்கிறது. பம்ப் ரூமில் பல்பும் போட்டாயிற்று. ஆனால் அண்ணன் சுவிட்சை அறைக்கு வெளியே வைத்துவிட்டார், அதனால் சாவி கேட்கப் போகும்போது வேறு பொய்யாக யோசித்துக்கொண்டு போங்கள்.