கிட்டங்கியில் இருந்த இரண்டு பலகைகள்

பிள்ளைகளே, நேற்று சாப்பிடும்போது நீங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டீர்கள். "நிபுணரே சொல்லிட்டார், அப்புறம் என்ன பேச்சு?" என்று பெரியவள் தம்பியின் வாயை அடைத்தாள். அந்தப் பேச்சு எனக்கு ஆகாது. ஏன் ஆகாது என்று எழுதி வைக்கிறேன். எட்டாம் கிளாஸ் படிப்புதான் எனக்கு. எழுத்தில் பிழை இருக்கும், விஷயத்தில் இருக்காது.

உலக யுத்தம் நடந்த காலம். தூத்துக்குடிக் கடற்கரையில் ஒரு சங்குக் குத்தகைக்காரரின் கிட்டங்கியில், அதாவது சரக்குக் கிடங்கில், நான் அளவுக்காரன். முத்துக் குளிப்பு இல்லாத வருஷங்களில் குளியாளிகள் சங்குக்குத்தான் முங்குவார்கள். எடுத்து வந்ததை மத்தியானத்துக்கு மேல் என் முன்னால் கொட்டுவார்கள். என் கையில் ஒரு மரப்பலகை, அதன் நடுவில் வட்டமாக ஒரு துளை. சங்கைத் துளையில் வைப்பேன். நின்றால் நல்ல சங்கு, கூலி உண்டு. தானாக விழுந்தால் பிஞ்சு, கூலி கிடையாது. பிஞ்சைத் திரும்பக் கடலில் போட்டுவிட வேண்டும், வளரட்டும் என்று.

மணலும் சங்கும் உரசி உரசி அந்தத் துளை தேய்ந்து அகன்றுபோயிருந்தது. வருஷத்துக்கு ஒரு தரம் பலகையை மாற்றுவது வழக்கம். அந்த வருஷம் கிட்டங்கி மானேஜர் மாற்றவில்லை. புதுப் பலகை துணி சுற்றி ஆபீஸ் அலமாரியில் இருந்தது. நான் பிஞ்சு என்று தள்ளிய சங்கும் கடலுக்குப் போகவில்லை. வளையல் அறுக்க வங்காளத்துக்குப் போகும் சாக்குகளில் அதுவும் போயிற்று. பார்த்தேன், கேட்கவில்லை.

குளியாளிகள் கேட்டார்கள். அவர்களில் ஒருவர், நாற்பது வயசுக்காரர், முங்கி முங்கி இரண்டு காதும் பாதி அடைத்துப் போனவர். அதனால் எதைச் சொன்னாலும் சத்தமாகத்தான் சொல்வார்.

"அண்ணாச்சி, உம்ம பலகைக்கு வயிறு பெருத்துக்கிட்டே போவுது. இன்னும் ரெண்டு மாசத்துல என் தலையே உள்ள போயிரும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. "பிஞ்சைப் பொறுக்கிட்டு வந்து பேச்சு வேறயா? அடியில கண்ணத் தொறந்து பாத்து எடும்."

"நீரு ஒரு நாளைக்கு வந்து தொறந்து காட்டும். கல்லக் கட்டி நானே எறக்கி விடுதேன்."

அப்புறம் பலகையை மாற்றச் சொல்லி இரண்டு நாள் ஒருவரும் கடலுக்குப் போகவில்லை. மானேஜர் அந்தக் காது கேளாதவரைக் கூப்பிட்டு, "மதராஸ்ல இருந்து அளவை நிபுணர் வாரார். நீ சொன்னது பொய்யின்னு ஆச்சுன்னா உன் சீட்டைக் கிழிச்சிருவேன்" என்றார். குத்தகைக்காரர் கொடுத்த அந்தச் சீட்டு இல்லாமல் யாரும் சங்குக்கு முங்க முடியாது. அவர் வீட்டில் ஆறு பேர், முங்குகிறவர் அவர் ஒருவர்தான்.

நிபுணர் வந்தார். கோட்டுப் போட்ட, வியர்த்து வடிந்த மனுஷர். மானேஜர் துணியை அவிழ்த்துப் பலகையை மேசையில் வைத்தார். நிபுணர் கவட்டை மாதிரி இருந்த பித்தளை அளவுக் கருவியால் துளையை மூன்று பக்கமாக அளந்து எழுதிக்கொண்டார். "மயிரிழைகூட பிசகில்லை" என்றார். அதில் பொய்யே இல்லை. அந்தப் பலகை அப்படித்தான் இருந்தது.

"ஐயா, அது அலமாரிப் பலகை" என்று காது கேளாதவர் கத்தினார். "ஆணியில தொங்குதுல்லா, அத அளங்க. இல்லன்னா இந்தா, இந்த ஒத்தச் சங்க ரெண்டுலயும் போட்டுப் பாருங்க. அது போதும்."

நிபுணருக்கு முகம் சுருங்கியது. "கருவியை வைத்து அளந்தாகிவிட்டது. சங்கைப் போட்டுப் பார்ப்பதெல்லாம் ஒரு அளவையா?" பிறகு என் பக்கம் திரும்பினார். "தினமும் அளப்பது இந்தப் பலகைதானே?"

மானேஜர் என்னைப் பார்க்கவே இல்லை, பென்சில் சீவிக்கொண்டிருந்தார். காது கேளாதவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுதான்" என்றேன்.

சீட்டு அங்கேயே கிழிந்தது. அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கையிலிருந்த சங்கை என் காலடியில் வைத்தார். "நீரே போட்டுப் பாரும், ஆளில்லாதப்பவாவது" என்றார். அடுத்த வாரம் உப்பளத்தில் மூட்டை தூக்கப் போனார் என்று கேள்விப்பட்டேன். புண்பட்ட காதுக்குள் உப்புத்தூள் போனால் எப்படி இருக்கும் என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை.

நிபுணரின் இங்கிலீஷ் காகிதத்தை மானேஜர் சுவரில் ஒட்டினார். ஒரு குளியாளிக்கும் அதைப் படிக்கத் தெரியாது. யாராவது முணுமுணுத்தால் அதை நோக்கி விரலை நீட்டுவார், அவர்கள் அடங்கிவிடுவார்கள். நானும் நீட்டியிருக்கிறேன், நாலைந்து தடவை. எனக்கும் அதைப் படிக்கத் தெரியாது.

இத்தனைக்கும் அதுவரை அந்தச் சங்கை நான் ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்கவில்லை. போட்டால் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு மறுநாள் எப்படி அந்தப் பலகையைக் கையில் எடுப்பது? ஒரு மாசம் அது என் டிபன் பைக்குள்ளேயே கிடந்தது.

குளியாளிகள் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போவார்கள், கடலுக்குப் போகமாட்டார்கள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயிலில், கூட்டிப் பெருக்க வேண்டும் என்று சொல்லிச் சாவி வாங்கிக்கொண்டு போனேன். உள்ளே யாருமில்லை. ஆணியிலிருந்து பழைய பலகையை எடுத்துத் துளையில் சங்கை வைத்தேன். மணலில் பொத்தென்று விழுந்தது. துடைத்து எடுத்துக்கொண்டேன். அலமாரியைத் திறந்து, துணியை அவிழ்த்து, புதுப் பலகையில் வைத்தேன். நின்றது. பலகையைக் குலுக்கினேன். அப்போதும் நின்றது. கடைசியில் அடியிலிருந்து கட்டைவிரலால் தள்ளித்தான் அதை வெளியே எடுத்தேன்.