பழவங்காடியில் ஒரு போணி

ஞாயிற்றுக்கிழமை காலை. கால்சட்டையோடு பத்மநாப சுவாமி கோயிலுக்குள் விடமாட்டார்கள் என்பதால் பழவங்காடியில் ஒரு வேட்டிக் கடையில் நிற்கிறேன். மாலையில் ஊர் திரும்பும் விமானம். பணம் மாற்றும் கடைகள் பூட்டியிருக்கின்றன. பையில் இருப்பது கொஞ்சம் மலேசிய ரிங்கிட்டும், பினாங்கு வங்கி கொடுத்த கிரெடிட் கார்டும்தான்.

கடைக்காரர் நாகர்கோவில்காரர். கார்டைப் பார்த்ததும் தயங்குகிறார்.

"இன்னும் போணி ஆகல்ல, சாரே. மொதக் காச கண்ணுல ஒத்திட்டுத்தான் பெட்டியில போடுவேன். இதுல எத ஒத்த?"

"மெஷின் வச்சிருக்கீங்களே?"

"அது போன வாரம் வந்தது. காலம்பற அதத் தொடமாட்டேன்."

நடை சாத்திவிடுவார்களே என்கிறேன். அவர் பிள்ளையார் படத்தைப் பார்க்கிறார். "தூரத்துலேருந்து வந்தவரு சாமி பாக்காமப் போகப்பிடாது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, தொலைபேசி வயரைப் பிடுங்கி மெஷினில் செருகிக் கார்டைத் தேய்க்கிறார்.

உள்ளே ஒரு கீச்சொலி. பினாங்கில் என் வங்கிக்கும் இன்று விடுமுறை. விளக்கணைந்து பூட்டிக் கிடக்கும். அங்கே யார் எழுந்துவந்து, இவனைத் தெரியும் என்று சொல்வது?

மெஷின் தாளைத் துப்புகிறது. கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன்.

"சூடாட்டு இருக்கு, சாரே" என்கிறார் மெதுவாக. "கடலு தாண்டி வந்ததாக்கும்."

இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு பெட்டியில் வைக்கிறார். பிறகு என் பிரதியை நீட்டுகிறார். ஊரில் பெட்ரோல் போட்டுவிட்டு இப்படி எத்தனையோ தாள்களைக் கசக்கி எறிந்திருக்கிறேன்.

இதுவும் சூடாகத்தான் இருக்கிறது. கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன்.