அவிய வருவாவ

எங்கள் வீட்டில் 'அவிய', அதாவது 'அவர்', என்றால் இரண்டு பேர். ஒருவர் அப்பா, இன்னொருவர் ஆண்டவர். அம்மா அப்பாவின் பெயரை வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். ஆண்டவர் மேல் உள்ள மரியாதையும் அதே அளவு என்பதால் அவருக்கும் அதே சொல்தான். "அவிய பாத்துக்கிடுவாவ" என்று அவள் சொன்னால், எந்த அவிய என்று முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அப்பா அப்போது ராணுவத்தில் இருந்தார். நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா கோயிலில் ஆராதனை முடிந்து திரும்பி வந்து, முகமெல்லாம் சிரிப்பாக, "ரெடியா இருக்கணும்ட்டி, அவிய சீக்கிரம் வருவாவ" என்றாள். நான் பவுடர் பூசி, ரிப்பன் கட்டி, பஸ் ஸ்டாப்பில் போய் நின்றுவிட்டேன். அப்பா லீவுக்கு வரும் மதுரை பஸ்ஸெல்லாம் வந்து போயின. பொழுது சாயும் நேரத்தில் அம்மா தேடிக்கொண்டு வந்தாள்.

"இங்க யாருக்குட்டி நிக்க?"

"அவியளுக்குத்தான்."

புரிந்ததும் அங்கேயே உட்கார்ந்து சிரித்தாள். பிரசங்கத்தில் ஆண்டவரின் வருகையைப் பற்றிச் சொன்னார்களாம். எனக்கு வந்ததோ ஆத்திரம். இரண்டு பேரில் ஒருத்தர்கூட வரவில்லையே!

இப்போது ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். மீதி நேரத்தில் ராப் பாடுகிறேன். மேனேஜரும் கிடையாது, மேக்கப்காரரும் கிடையாது. எழுதுவது, பாடுவது, யூடியூப்பில் ஏற்றுவது, அதன் கீழே திட்டுகிறவர்களைத் திருப்பித் திட்டுவது எல்லாம் நானேதான். ஆரம்பத்தில் சென்னைப் பையன்கள் மாதிரி ஏரியா, கெத்து, கத்தி என்று பாடினேன். என் கையில் இருந்ததோ டிபன் பாக்ஸ். பிறகு மனசாட்சி குத்தி, விசுவாசப் பாட்டுக்கு மாறினேன். அதில் 'தேவரீர்' என்றும் 'உமது சமூகம்' என்றும் சுத்தமான கோயில் தமிழ். ஜெபத்தில் இனிக்கிற அந்தத் தமிழ் என் வாயில், இரவல் நகை போட்டது போல இருந்தது.

அதை அம்மாவிடம் போட்டுக் காட்டினேன். காதோடு போனை வைத்து முழுசும் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. பாடுறது யாருட்டி?"

போனைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். பெற்றவளுக்கே அடையாளம் தெரியாத குரலை வைத்துக்கொண்டு எதற்குப் பாட வேண்டும்? இனி ஒரே ஒரு பாட்டு, அதிலாவது அம்மா என்னைக் கண்டுபிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடையின் மாடியில் என் கல்லூரித் தோழன் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். பாட்டு முடிவதற்குள் பசி வந்துவிடும், அப்படியொரு வாசனை. அந்தப் பாட்டுக்காக அங்கே போய், அன்றைக்குப் பாடியது எதுவும் தேறவில்லை. கடுப்பில் பஸ் ஸ்டாப் கதையை அவனிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

"அதப் பாடுட்டி."

"ஆண்டவரப் போயி அவியன்னா? சபையில தொலிய உரிச்சிருவாவ."

அவன் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த கோபுரத்தைக் காட்டினான். "எங்க ஊர்ல ஒரு பொண்ணு சாமியத்தான் கட்டிக்கிடுவேன்னு நின்னுச்சு. அதுக்குத் தேரே இழுக்கோம். நீ அவியன்னு சொல்லக்கூடாதாக்கும்?"

அந்தச் சாயங்காலமே எழுதி முடித்தேன்.

எங்கள் சபையில் அசனப் பண்டிகை வந்தது. எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் நாள். பந்திக்கு முன்னால் பாட இடம் கேட்டேன். கமிட்டிப் பெரியவர், "ராப்பா? கெட்ட வார்த்தை வராதுல்லா?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சோற்று அண்டாவைப் பார்க்கப் போய்விட்டார்.

மைக்கைப் பிடித்தேன்.

"பவுடர் பூசி, ரிப்பன் கட்டி, ரோட்டப் பாத்து நின்னேன்,
பஸ்ஸு வந்துச்சு, அவிய வரல, அடுத்த பஸ்ஸுன்னு சொன்னேன்!"

பெண்கள் பக்கத்தில் முதலில் ஒரு சிரிப்பு, அப்புறம் கைத்தட்டல். "அவிய வருவாவ" என்று நான் சொல்லச் சொல்ல அவர்களும் சேர்ந்து சொன்னார்கள். அந்தச் சொல்லைத் தினமும் சொல்கிறவர்கள் அல்லவா, யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆண்கள் பக்கத்தில் எங்கள் அப்பா, பாட்டு தன்னைப் பற்றித்தான் என்று நினைத்து மீசையை நீவிக்கொண்டிருந்தார். சுற்றியிருந்தவர்கள் அவருக்குக் கை கொடுத்தார்கள். அவரும் கூச்சப்படாமல் வாங்கிக்கொண்டார்.

நான் அம்மாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். சிரிப்பா அழுகையா என்று அங்கிருந்து தெரியவில்லை.

பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பாடியது யார் என்று கேட்கவில்லை. குனிந்து, மெதுவாக, "ஏட்டி, நீ பாடுனது எந்த அவியள?" என்றாள்.

எனக்கு அப்படியே எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது. "நீயே சொல்லும்மா."

அம்மா இலையில் சோற்றை ஒதுக்கினாள். எதிர்ப் பந்தியில் அப்பா இன்னும் கை கொடுத்துக்கொண்டிருந்தார்.

"யாரா இருந்தா என்ன? ரெண்டு பேரும் நாம நெனச்ச நேரத்துக்கு வந்ததில்ல. வராமயும் இருந்ததில்ல. நீ சாப்பிடு."